முப்பத்தொரு கையெழுத்து

ஹலோ... யாரு, நீயாம்மா? உன் புருஷன் எங்க? ... குளிக்கிறானா? குளிச்ச வரைக்கும் போதும், துண்டைக் கட்டிக்கிட்டு வரச் சொல்லு. ... இல்லம்மா, உன்மேல ஒண்ணுமில்ல. உன்கிட்ட நான் என்னிக்குக் கோவிச்சிருக்கேன்? ... ஆமா, ஆமா, வந்துட்டேன். உன் நாத்தனார்தான் காலையில கொண்டுவந்து விட்டுட்டுப் போனா. ... ஆபரேஷன் பண்ண கண்ணா? ரெண்டும் பளிச்சுனு தெரியுது. அதுதான் இப்ப வினையா போச்சு. அவனைக் கூப்பிடு.

...

டேய். ... நான்தான்டா, இந்த வீட்டுல இருந்து வேற யாரு உனக்கு போன் பண்ணுவா? ... நல்லா இருக்கேன். ... மாத்திரை போட்டேன். ... சொட்டு மருந்தும் விட்டாச்சு. ... விசாரிக்கிறதை நிறுத்து. நான் கேக்குறதுக்கு மட்டும் பதில் சொல்லு. நான் இல்லாத பன்னெண்டு நாள்ல, நான் படம் வரையற ரூமுக்குள்ள யாரு போனது?

... நீயா. சரி. தனியாவா? ... தனியா. எதுக்கு? ... சுத்தம் பண்ணவா? யாரு கேட்டா? நாற்பது வருஷமா அந்த ரூமை நானே கூட்டினதில்ல. உங்க அப்பா இருந்த வரைக்கும் அவரும் கூட்டினதில்ல. நீ யாரு கூட்ட?

... கத்தல. இதுக்குப் பேரு கத்தறதா? இரு, இனிமேதான் கத்தப் போறேன்.

சுவத்தைப் பார்த்துத் திரும்பி நின்ன படமெல்லாம் இப்ப என்னைப் பார்த்து நிக்குது. வரிசையா, பள்ளிக்கூடத்துல போட்டோவுக்கு நிக்கிற பிள்ளைங்க மாதிரி, குட்டை முன்னால, நெட்டை பின்னால. ஒவ்வொண்ணு மேலயும் மஞ்சள் ஸ்டிக்கர், அதுல நம்பர். ... நீ கிடங்குல சோப்புப் பெட்டி எண்ணுற உத்தியோகம்னு தெரியும்டா. அதுக்காக அம்மா வீட்டையும் கிடங்காக்கிடுவியா? ... ஸ்டிக்கர் போனா போகுது, அது உரிச்சா வந்துடும். நான் அதுக்கு போன் பண்ணல. ... எதுக்குன்னு உனக்குத் தெரியும். ... தெரியாதா? ... நிஜமாவே தெரியாது?

வலது பக்கம் கீழ் மூலைடா! என் பேரு! எல்லாப் படத்துலயும் என் கையெழுத்து இருக்கு. ஒண்ணுலகூட நான் போடல!

...

பேசு. ... உன் தலையில இருந்து தண்ணி சொட்டுற சத்தம் கேக்குது, வாயில இருந்து ஒண்ணையும் காணோம்.

... என்ன 'அது வந்து'? ... வக்கீலம்மா சொன்னாங்களா? உங்க அம்மா பேரை நீ போட்டுக்கோன்னு வக்கீலம்மா சொன்னாங்களா? ... வேற என்ன சொன்னாங்க? ... ம். ... ம். ... ஆமா, உயில் எழுதணும்னு நான்தான் சொன்னேன். ஆமா. நான் போனதுக்கு அப்புறம் நீயும் உன் தங்கச்சியும் ஒரு படத்தை ஆளுக்கொரு பக்கம் பிடிச்சு இழுக்கக்கூடாதுன்னு சொன்னேன். லிஸ்ட் எடுன்னு சொன்னதும் நான்தான், இல்லன்னு சொல்லல. எத்தனை படம், என்ன அளவு, எங்க இருக்கு. அவ்வளவுதானே கேட்டேன்? ... கையெழுத்து இல்லாத படத்துக்கு மதிப்பு கிடையாதுன்னு யாரு சொன்னது, அதுவும் வக்கீலம்மாவா?

... கேலரிக்காரரா! அவர் எப்படா இதுக்குள்ள வந்தார்?

... போட்டோ எடுத்து அனுப்பினியா. எல்லாத்தையுமா. ... பார்த்துட்டு என்ன சொன்னார்? ... ம். ... இன்னொரு தடவை சொல்லு, சரியா காதுல விழல. ... 'கடைசிக் கால நீலம்'.

யாருக்குடா கடைசிக் காலம்? எனக்கு எழுபத்தொண்ணு. கண்ணுல இருந்த புரையை எடுத்துட்டு, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கிட்டு, என் கால்ல நடந்து வீட்டுக்கு வந்திருக்கேன். அந்த மனுஷன் எனக்குக் காரியமே முடிச்சுட்டாரா?

... பாராட்டா? இதுக்குப் பேரு பாராட்டா? காதைத் தொடச்சுக்கிட்டுக் கேளு. அந்த நீலம் நான் நினைச்சுப் போட்ட நீலமே இல்ல. புரை வந்தா எல்லாம் மஞ்சளா தெரியும்னு டாக்டர் இப்பதான் சொல்றார். அஞ்சு வருஷமா எனக்கு யாரு சொன்னா? வெள்ளையை வச்சா அழுக்கு மஞ்சளா தெரிஞ்சுது. சரி, துளி நீலம் கலப்போம். அப்பவும் மஞ்சள். இன்னும் துளி. இன்னும் துளி. அப்படியே அஞ்சு வருஷம் ஓடிப்போச்சு. இன்னிக்குக் காலையில புதுக் கண்ணோட ரூம் கதவைத் திறக்கிறேன், படத்துல பால் பாத்திரம் நீலமா இருக்கு. ஜன்னல் திரை நீலமா இருக்கு. பக்கத்து வீட்டு வெள்ளை நாய் நீலமா உக்காந்து என்னைப் பார்க்குது! பயந்துபோய்க் கதவைச் சாத்திட்டேன்டா. அது காலமும் இல்ல, ஒண்ணும் இல்ல. வியாதி. என் வியாதிக்கு ஃபிரேம் போட்டு விக்கப் போறாராமா உன் கேலரிக்காரர்?

... அதுக்குத்தானே கையெழுத்துப் போடாம வச்சிருந்தேன்! என்னமோ சரியில்லன்னு தெரிஞ்சுது. என்னன்னுதான் புரியல. அதனால திருப்பித் திருப்பி வச்சேன். ... உனக்கு என் வழக்கம் தெரியாதா? நாலு வயசுல இருந்து அந்த ரூம்ல உருண்டவன் நீ. ஒரு படம் முடிஞ்சுதுன்னு தோணினா ஒரு வருஷம் சுவத்தைப் பார்த்து நிக்கும். வருஷம் கழிச்சுத் திருப்புவேன். அப்பவும் முடிஞ்சதாவே தெரிஞ்சா பேரைப் போடுவேன். பேரு போட்ட படத்தை அப்புறம் தொடமாட்டேன். ஈ உக்காந்துட்டுப் போனாலும் அந்தக் கறையோடவே இருக்கட்டும்னு விட்டுடுவேன். தெரியுமா, தெரியாதா?

... தெரியும்ல. தெரிஞ்சேதான் போட்டிருக்கே.

... 'வேணும்னா நீ அதுமேலயே வரைஞ்சுக்கோ'வா? அப்படியா சங்கதி. நாற்பது வருஷமா கட்டிக்காத்ததை நீ ஒரு மத்தியானத்துல மாத்திடுவே, நான் சரிடா ராஜான்னு பிரஷ்ஷை எடுத்துக்கிட்டு உக்காரணும்.

சரி. யாரை வச்சுப் போட்டே? அதைச் சொல்லு. போர்டு எழுதுறவன் எவனையாவது கூட்டிக்கிட்டு வந்தியா? ... ஏன் கேக்குறேன்னா, கைதேர்ந்தவன். நானே ஏமாந்துட்டேன் தெரியுமா? முதல் படத்தைப் பார்த்ததும் நானேதான் போட்டுட்டு மறந்துட்டேனோன்னு நினைச்சேன். மூணாவது எழுத்துல என் கை லேசா வழுக்கும், அந்த வழுக்கலும் இருக்கு. கடைசில ஒரு வால் இழுப்பேன், அதுவும் அதே சாய்வு. பத்து நிமிஷம் ஸ்டூல்ல உக்காந்துட்டேன். எனக்குப் புத்தி பிசகிடுச்சுன்னே முடிவு பண்ணிட்டேன். கண்ணு வந்த நேரம் மூளை போயிடுச்சுடின்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். அப்புறம்தான் ஸ்டிக்கரைப் பார்த்தேன். உன் எழுத்து. ... யாருடா அவன்? சொல்லு, அவனையும் ரெண்டு வார்த்தை கேக்கணும்.

... நீயா?

... நீ எப்படி? உனக்கு ஸ்கேலை வச்சாக்கூட நேர்க்கோடு வராதே. எப்ப பழகினே? ... என்ன ரிப்போர்ட் கார்டு?

... ஒன்பதாவதுல இருந்தா? ... பத்தாவதுலயுமா? ... கணக்குல எவ்வளவு? ... பதினேழு! நூத்துக்கா? ... உங்க அப்பா பார்க்குறவங்ககிட்ட எல்லாம் 'எம் பையன் கணக்குல ஒரு தடவைகூடத் தவறினதில்ல'ன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரேடா! செத்துப்போற வரைக்கும் அந்தப் பெருமையிலயே இருந்தார்!

... சிரிக்காதே. ... நான் சிரிக்கல. தொண்டை கட்டியிருக்கு.

விளையாட்டு போதும். அந்த உயில் காகிதம் இங்க மேசைமேலதான் இருக்கு. வக்கீலம்மா அடிச்சுக் குடுத்தது. ரெண்டாம் பக்கம் நாலாவது வரி, படிக்கிறேன் கேளு. 'எனக்குப் பின் எனது ஓவியங்கள் குறித்த இறுதி முடிவு எடுக்கும் உரிமை எனது மகனைச் சாரும்.' ... ஆமா, நான்தான் ஒத்துக்கிட்டேன், ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தின நாள். இப்ப சிவப்புப் பென்சிலால அடிச்சுட்டேன். எனக்குப் பின்னாலதானே உரிமை? நான் திரும்பி வர்ற வரைக்கும்கூட உனக்குப் பொறுக்கலையே. ... உன் தங்கச்சிக்கும் குடுக்கல, நீ பயப்படாதே. அவளுக்கு எது தலைகீழா இருக்கு, எது நேரா இருக்குன்னே தெரியாது.

இன்னும் இருக்கு, வச்சுடாதே. அந்தப் பின்னால இணைச்சிருக்கிற லிஸ்ட். 'எண் ஏழு. நாய். நீலம். முடிந்தது.' யாரு முடிச்சா? 'எண் பன்னிரண்டு. பாத்திரங்கள். நீலம். முடிந்தது.' 'எண் இருபது. என்னவென்று தெரியவில்லை. நீலம். முடிந்தது.' என்னன்னே தெரியலையாம், ஆனா முடிஞ்சுடுச்சாம்! ... அது மழை பெய்யற மொட்டைமாடிடா, மக்கு. ... எனக்கும் இப்ப பார்த்தா அப்படித் தெரியலதான். அது வேற விஷயம்.

கடைசி வரிக்கு வா. 'எண் முப்பத்தொன்று. அப்பா. முடிந்தது.' அளவு எழுதல, நிறம் எழுதல. அப்பா, முடிந்தது. இங்க முப்பது படம்தான் இருக்கு. மூணு தடவை எண்ணிட்டேன், கட்டிலுக்கு அடியிலகூடக் குனிஞ்சு பார்த்தேன், டாக்டர் குனியாதேன்னு சொல்லியும். முப்பத்தொண்ணு எங்க?

... ஃபிரேம் போடக் குடுத்திருக்கியா. எந்தக் கடையில? ... பேரு தெரியாத கடையிலயா அப்பாவைக் குடுத்துட்டு வந்தே? ... மழுப்பாதே. கேலரிக்காரர்கிட்ட குடுத்துட்டே, அதானே? ... அவரும் அதைத்தான் கேட்டாரா. ... வாசல்ல நுழைஞ்சதும் நேரா தெரியற இடத்துல மாட்டணும்னு சொன்னாரா. ... என்னது? ... 'முகத்தை வரையாம விட்டது எவ்வளவு பெரிய துணிச்சல்'.

துணிச்சலா? எனக்கு வரலடா! ஒன்பது வருஷமா வரல! அவர் போனதுல இருந்து போட்டுக்கிட்டிருக்கேன். குழாய் வந்துடுச்சு. ஜன்னல் வெளிச்சம் வந்துடுச்சு. முழங்கை வரைக்கும் மடிச்சுவிட்ட சட்டை, கையில சோப்பு நுரை, கழுவுற என் பிரஷ் பதினாலும் வந்துடுச்சு. முகம் மட்டும் வரல. வச்சுப் பார்க்குறேன், அது வேற யாரோவா நிக்குது, சுரண்டிடுறேன். மறுபடி வைக்கிறேன், சுரண்டிடுறேன். அந்த இடமே தேய்ஞ்சு நூல் தெரியுது. அதைப் பார்த்துத் துணிச்சல்னு சீட்டு எழுதி ஒட்டுவாராம், நாலு பேரு கையைக் கட்டிக்கிட்டு நின்னு தலையாட்டுவாங்களாம்.

இப்ப கேட்டுக்கோ. இந்த போனை வச்சதும் அடுத்த போன் அவருக்குத்தான். 'வணக்கம் சார், உங்ககிட்ட இருக்கிற படத்துல இருக்கிறது என் கையெழுத்து இல்ல, போலி'ன்னு சொல்லப் போறேன். ... யாரு போட்டதுன்னு கேட்டா சொல்லுவேன். ஏன் சொல்லக்கூடாது? ... உன் மானம் போயிடுமா? என் பேரை முப்பத்தொரு தடவை எழுதினியே, அப்ப அது உன்கிட்ட கெஞ்சலையா? ... இல்ல, நீ என்னைத் தடுக்க முடியாது. ... என்ன, நாளைக்குப் பத்து மணிக்கு வண்டி வேற அனுப்புறேன்னிருக்காரா? வரட்டும். வண்டிக்காரனை வாசல்லயே நிக்கவச்சு...

... என்ன? ... அவர்கிட்ட இல்லையா? ... அப்ப எங்கதான் இருக்கு?

... உன் வீட்டுலயா.

... எங்க வச்சிருக்கே? ... ஹால்ல. ... ஆணி அடிச்சு மாட்டியே ஆச்சா. ... அதை மட்டும் தரமாட்டேன்னு அவர்கிட்ட சொல்லிட்டியா? ... இரு, இரு. எனக்கு ஒண்ணும் புரியல. விக்கிறதுக்கு இல்லன்னா அதுல எதுக்குடா என் கையெழுத்தைப் போட்டே? மத்ததுலதான் கேலரிக்காரருக்காகப் போட்டே. அதுல எதுக்கு?

... சத்தமா சொல்லு, முணுமுணுக்காதே. ... நான் தொடக்கூடாதுன்னா?

...

என் படத்தை நான் தொடக்கூடாதுன்னு, என் பேரை எழுதிப் பூட்டு போட்டியா?

... இல்ல. நீ பேசாதே. வாயைத் திறக்காதே. அவர் உனக்கு அப்பா, ஒத்துக்கிறேன். ஆனா அந்தப் படம் உனக்கு அப்பா இல்ல. அது என் வேலை. நான் சுரண்டுவேன், கிழிப்பேன், கொளுத்துவேன், கேக்க உனக்கு ஒரு பாத்தியதையும் கிடையாது. நீ யாருடா எனக்குக் கடிவாளம் போட? சோறு வேணுமா, மாத்திரை வேணுமா, குழாய் ஒழுகுதா, வா, பாரு, போ. அந்த ரூம் வாசப்படியோட உன் அதிகாரம் முடிஞ்சுது!

... எது வந்திருந்துச்சு? ... என்னிக்கு? ... குழாய் ரிப்பேர் பண்ண வந்தியே, போன வருஷம், அன்னிக்கா? ... ஆமா. அன்னிக்கு முகம் போட்டு வச்சிருந்தேன். ... ஆமா, சுரண்டிட்டேன். மறுநாள் காலையில. ... சரியில்ல, அதான். ... சரியில்லன்னு சொல்றேன்ல? படிச்சது கணக்கு, அதுலயும் பதினேழு, முகத்தைப் பத்தி நீ எனக்குச் சொல்லித்தர வந்துட்டே.

... ம். ... ம். ... ஸ்பானரைக் கையில வச்சுக்கிட்டு நின்னியா? எவ்வளவு நேரம்? ... அவ்வளவு நேரமா? நான் எங்க போயிருந்தேன்? ... டீ போட. ... ஆமா, டீ போட்டுக் குடுத்தேன், நீ குடிக்காம ஆறவிட்டே. சர்க்கரை ஜாஸ்தின்னு நினைச்சேன். ... ஏன்டா ஒரு வார்த்தை சொல்லல? ... 'நல்லா இருக்குன்னு சொன்னா அவ மாத்திடுவா'ன்னா? யாரு சொன்னது? ... அப்பாவா. உன்கிட்ட சொல்லி வச்சிருந்தாரா. பாரேன், அந்த மனுஷனை.

... அவரேதானா?

... இல்ல, கேக்குறேன், சொல்லு. எப்படி இருந்தார்? ... வாய்க்குள்ள எதையோ சொல்லிக்கிட்டிருக்கிற மாதிரி. ... பாட்டு இல்லடா. அவருக்கு எந்தப் பாட்டு தெரியும்? என்னைத்தான் திட்டுவார். 'மூணு பிரஷ்ல வரையறா, பதினாலை அழுக்காக்குறா'ன்னு. தினமும் அதே வசனம். ... ம். ... கன்னம்? கன்னம் என்ன நிறத்துல இருந்துச்சு?

... அவசரப்படாம, நல்லா யோசிச்சுச் சொல்லு. மஞ்சளா இருந்துச்சா? ... இல்லையா? ... கொஞ்சம்கூடவா? ... வெயில்ல நடந்துட்டு வந்தவர் மாதிரி, செவசெவன்னு.

...

...

இரு, ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கிறேன்.

எனக்கு மஞ்சளா தெரிஞ்சுதுடா. காலையில எழுந்து பார்க்குறேன், மூஞ்சி முழுக்க மஞ்சள். கண்ணோட வெள்ளைகூட மஞ்சள். ஆஸ்பத்திரியில கடைசி ஒரு மாசம் கிடந்தாரே, அந்த மூஞ்சி. அதைப் போய் நானே என் கையால திரும்ப வரவழைச்சுட்டேனேன்னு ஆகிப்போச்சு. கத்தியை எடுத்தேன். பல்லுகூட விளக்கல, கத்தியை எடுத்துட்டேன். ... அப்ப நான் சுரண்டினது அந்த நோயாளியை இல்ல. நல்லா இருந்த மனுஷனை.

... சமாதானம் சொல்லாதே. எனக்குக் கோவம் கோவமா வருது. ... உன்மேல இல்ல. ... உன்மேலயும்தான்! 'அம்மா, இது மஞ்சளா இல்லம்மா'ன்னு ஒரு வார்த்தை உன் வாயில இருந்து வந்திருக்கக்கூடாதா? ... ஆமா, கேட்டிருக்கமாட்டேன். இருந்தாலும் சொல்லியிருக்கணும். ... அன்னிக்குப் போட்டோ எடுத்தியா? ... இல்லையா. ... நல்லதாப் போச்சு. எடுத்திருந்தா அதைப் பார்த்துப் பார்த்தே வரைஞ்சு நாசமாக்கியிருப்பேன்.

சரி. இப்ப ஒண்ணு கேக்குறேன், மறைக்காம சொல்லு. கையெழுத்துக்கு எந்த ட்யூபை எடுத்தே? ... பழுப்பு. ட்யூப்ல அம்பர்னு போட்டிருந்துச்சா? ... ஐயோ, போயும் போயும் அதையா எடுத்தே? மத்த நிறமெல்லாம் வாரக்கணக்குல பிசுபிசுன்னு கிடக்கும். அது ஒண்ணுதான் மூணே நாள்ல காஞ்சு கல்லா நிக்கும். என்னிக்குப் போட்டே? ... புதன்கிழமை. இன்னிக்கு ஞாயிறு. முடிஞ்சுது. ... என்னது? ... கெட்டியா இருந்துச்சுன்னு எண்ணெய் ஊத்தினியா? பாட்டில்ல இருந்த ஆளி விதை எண்ணெயா? எவ்வளவு? ... ஒரு மூடி நிறையவா!

... திட்டல, திட்டல. உன் அரைகுறை வேலை முதல் தடவையா எனக்கு உதவியிருக்கு. எண்ணெய் கூடினா காய நாளாகும். இரு, இங்க இருக்கிறதைத் தொட்டுப் பார்க்குறேன். ... எண் நாலு, ஒட்டுது. ... எண் ஒன்பது, லேசா. ... நாய், நல்லாவே ஒட்டுது. ... நீ போய் அப்பாவைத் தொட்டுப் பாரு.

... காஞ்சுடுச்சா? அதுக்குள்ளயா? நீ உக்காந்த இடத்தை விட்டு எழுந்த சத்தமே கேக்கலையே. ... பொய் சொல்லாதே. எழுந்திரு. போ. ... ம், இப்ப கேக்குது செருப்பு சத்தம்.

சுண்டுவிரல் நுனியால. கடைசி எழுத்து மேல. அழுத்தாதே. ... ஒட்டுதா?

...

ஒட்டுதா இல்லையான்னு கேட்டேன்.

... ஒட்டுது.

அப்ப துடைச்சுடு. ... நீதான். நீ போட்டதை நீதான் எடுக்கணும். ... மாட்டியா? மாட்டேன்னா நான் இப்பவே கிளம்பி வர வேண்டியதுதான். வழியில பஸ்ஸு நின்னுச்சுன்னா, உன் வீட்டு லிஃப்ட் வேலை செய்யலன்னா, அதுக்குள்ள காஞ்சுபோச்சுன்னா, அது அப்படியே நிக்கும். முகமே இல்லாம, முடிஞ்ச படமா. நான் தொடமாட்டேன், என்னை உனக்குத் தெரியும். காலம் முழுக்க உன் ஹால்ல மூஞ்சி இல்லாம பிரஷ் கழுவிக்கிட்டு நிப்பார். அதுதான் உனக்கு வேணுமா? ... தெரியும்டா. நான் திரும்பவும் கெடுத்துடுவேன்னு பயப்படுறே. எனக்கும்தான் பயமா இருக்கு. துணி எடு.

... பழைய பருத்தித் துணி, நல்லா நைஞ்சது. ... புதுத் துண்டை எடுக்காதே, உன் பொண்டாட்டி என்னைத்தான் சபிப்பா. ... டர்பன்டைன் வேணாம், அது அடியில இருக்கிறதையும் தின்னுடும். சமையல் எண்ணெய் போதும், மிச்சத்தை நான் வந்து பார்த்துக்கிறேன். ரெண்டே சொட்டு. துணியில விடு, படத்துல இல்ல. ... போனைத் தோள்ல இடுக்கிக்கோ. ... வால்ல இருந்து ஆரம்பி, வெளியில இருந்து உள்ளே. தேய்க்காதே, ஒத்தி எடு. துணியைத் திருப்பு. திரும்ப ஒத்து. ... ம். ... ம். ... மூச்சை விடுடா, அடக்கிக்கிட்டு நிக்காதே.

... போச்சா? ... முழுசா? ... அடியில சாம்பல் நிறத்துல தரை தெரியுதா? ... சரி. இனிமே அது முடியாத படம்.

... அழுதா அழு. எண்ணெய்க் கையோட கண்ணைத் தொடாதே.

இப்ப எழுதிக்கோ. ... ஆமா, உயிலுக்குத்தான். நாளைக்குக் காலையில வக்கீலம்மாகிட்ட நீயே போய் நின்னு சொல்லணும். என் கையால கையெழுத்துப் போடாத படத்தை விக்கக்கூடாது, யாருக்கும் காட்டக்கூடாது, எரிச்சுடணும். ... எரிக்கணும்னா எரிக்கணும்தான். என் ஆயுசு இருக்கிற வரைக்கும் ஒண்ணொண்ணா உக்காந்து நீலத்தை எடுப்பேன். எடுத்ததுக்கு நான் பேரு போடுவேன். மிஞ்சினதை அடுப்புல போடுங்க. ... கேலரிக்காரர் தலையில அடிச்சுக்கட்டும். வண்டி அனுப்ப வேணாம்னு அவருக்கு நீதான் சொல்லணும், காரணத்தையும் நீதான் சொல்லணும். ... எப்படின்னா? ரிப்போர்ட் கார்டுல போட்டப்ப எப்படின்னு என்னைக் கேட்டியா? ... எழுது, இன்னும் முடியல. அப்பா படத்தை மட்டும் எரிக்க வேணாம். அது உனக்கு. முகம் வந்தாலும் வராட்டியும் உனக்கு. ... இது பரிசு இல்ல, நன்றி சொல்லாதே. எனக்கு இன்னும் கோவம் அடங்கல. உன் பேரை நான் அடிச்சது அடிச்சதுதான்.

சாப்பிட்டுட்டு உடனே கிளம்பி வா. துணி கொண்டு வா, நிறைய கொண்டு வா. இங்க முப்பது இருக்கு, முப்பதையும் நீ உக்காந்து துடைக்கணும். துடைச்சு முடிச்சதும் நான் உன்கூட வர்றேன். பெயிண்டுப் பெட்டி, ஸ்டாண்டு, எல்லாத்தையும் எடுத்துக்கிட்டு. முகத்தை உன் ஹால்லயே போடுறேன். ... எத்தனை நாள்னு எனக்கென்ன தெரியும்? உன் பொண்டாட்டிகிட்ட பக்குவமா சொல்லு. சோபாவை மூடி வைக்கச் சொல்லு.

நீ என் பக்கத்துல நிக்கணும். ... எதுக்குன்னா, அன்னிக்கு அந்த முகத்தைப் பார்த்தவன் நீ ஒருத்தன்தான். நான் வரைஞ்சேன், பார்க்கல. அது வந்துச்சுன்னா வந்துடுச்சுன்னு சொல்லு. ... கேக்கமாட்டேன். சரியில்லன்னு கத்துவேன். கத்தியை எடுப்பேன். கையைப் பிடிச்சுக்கோ. ... பிடிச்சா உன்னை என்னென்னவோ சொல்லுவேன். வெளியே போடான்னுகூடச் சொல்லுவேன், உன் வீடுன்னு மறந்துட்டு. விடாதே.

... ஹலோ? ... என்னடா பதிலையே காணோம்? ... நீ தலையை ஆட்டினா போன்ல எனக்கு எப்படித் தெரியும்? வாயைத் திறந்து சொல்லு.

... ம். வை. இங்க காயுது.